சுகப்பிரசவமா, சிசேரியனா? 36-ஆம் வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

என் முதல் மகன் ஏன் சிசேரியனில் பிறந்தான் என்பதை, இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்தில்தான் தேடத் தொடங்கினேன். கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "தலை இறங்கவில்லை, எல்.எஸ்.சி.எஸ். செய்யப்பட்டது." எல்.எஸ்.சி.எஸ். என்பது சிசேரியனைக் குறிக்கும் மருத்துவச் சுருக்கம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று மருத்துவர்களிடம் போனேன், மூவரும் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்தில் பிரசவத்துக்குத் தயாராகிறவர்களும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்களும் அந்த அலைச்சலைப் படக்கூடாது என்றே இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். கோட்டையூரில் குடியிருக்கும் தனியார் பள்ளி ஆசிரியை. உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது, எந்தக் காகிதத்துடன் போவது என்பவற்றை மட்டும் சொல்கிறேன். வலி எடுத்து லேபர் வார்டுக்குள் போன பிறகு யாரும் நிதானமாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், இங்கே சொல்லும் பெரும்பாலான வேலைகளை 36-ஆம் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

1. பிக்மி எண்ணை முதலில் வாங்கிவிடுங்கள்

கருத்தரித்தது உறுதியானதும், 12 வாரங்களுக்குள், உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்து, பிக்மி எண் எனப்படும் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில்தான் பிரசவம் என்று முடிவு செய்திருந்தாலும் இந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இதைக் கேட்பார்கள். ஆதார் அட்டை, தாயின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், ஸ்கேன் அறிக்கை, கைபேசி எண் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கணவர் பெயரில் உள்ள கணக்கைக் கொடுத்துவிட்டு உதவித்தொகை வரவில்லை என்று பலர் அலைகிறார்கள். சென்னையில் பதிந்துவிட்டுத் தாய்வீடு வருபவர்கள் அதே எண்ணை இங்குள்ள செவிலியரிடம் தெரிவித்தால் போதும். பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருபவர்கள் வந்த வாரமே புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

2. முன்பு சிசேரியன் ஆனவர்கள் பழைய ஆபரேஷன் குறிப்பைக் கையில் எடுங்கள்

இது முதல் பிரசவம் என்றால் நேராக மூன்றாம் படிக்குப் போய்விடலாம். முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால், மற்ற எந்தக் காகிதத்தைவிடவும் இதுதான் முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, ஆபரேஷன் குறிப்பு வேறு. கர்ப்பப்பையில் வெட்டு எந்த இடத்தில், குறுக்காகவா நெடுக்காகவா போடப்பட்டது, வெட்டு பக்கவாட்டில் கிழிந்து நீண்டதா, எப்படித் தைத்தார்கள், எவ்வளவு ரத்தம் போயிற்று என்பவையெல்லாம் இரண்டாவதில்தான் இருக்கும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே போட்ட வெட்டைச் சொல்ல முடியாது.

முன்பு ஒரே ஒரு சிசேரியன், அதுவும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டாகப் போடப்பட்டிருந்தால், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம் என்பதே இன்று மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் நெறி. அப்படி முயல்பவர்களில் 100 பேருக்கு 70 முதல் 75 பேர் வரை சுகப்பிரசவம் அடைகிறார்கள். பழைய தழும்பு வலியின்போது பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200-ல் ஒருவருக்கு உண்டு. அது நேர்ந்தால் நிமிடக் கணக்கில் அறுவை அரங்கு தயாராக வேண்டும். நெடுக்கு வெட்டு போடப்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு கூடுவதால் அவர்களை முயலவே விடமாட்டார்கள். முதல் சிசேரியனுக்குக் காரணம் குழந்தை குறுக்கே கிடந்ததோ கால்பக்கமாக இருந்ததோ என்றால் வாய்ப்பு கூடுதல். தலை இறங்காமல் நின்றுபோனது என்றால் சற்றுக் குறைவு. இரண்டு பிரசவங்களுக்கும் இடையே 18 மாதமாவது இருப்பது நல்லது.

நான் குறிப்பைக் கேட்டுப் போனபோது, ஆவண அறை ஊழியர் திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை மேலாளர் இல்லை. மூன்றாம் முறை, பழைய கோப்புகள் மச்சில் கிடப்பதாகச் சொன்னார்கள். நான்காம் முறை எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் கேட்டேன். மறுநாளே குறிப்பு கிடைத்தது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளி ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் கோப்பே இல்லாமல் போகலாம். ஆகவே இப்போது முதல் சிசேரியன் ஆகி வீடு திரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பிள்ளை பற்றிய எண்ணமே இல்லாவிட்டாலும், டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

3. எந்தக் காரணம் கட்டாயம், எந்தக் காரணத்தைக் கேட்டுத் தெளியலாம்

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருந்தால், குழந்தை குறுக்காகக் கிடந்தால், வலியின் நடுவே குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி மீளாமல் போனால், தொப்புள்கொடி முன்னே நழுவி வந்துவிட்டால் சிசேரியன்தான் வழி. அங்கே பேரம் பேசக்கூடாது. "எங்க காலத்துல பத்துப் பிள்ளை வீட்டுலயே பெத்தோம்" என்று அப்பத்தா சொல்வார். அந்தப் பத்தில் எத்தனை தங்கின என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

கேள்வி கேட்கத் தக்க காரணங்களும் உண்டு. அவற்றில் முதலாவது, கொடி சுற்றியிருக்கிறது என்பது. கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்ற பயம் நம் பக்கத்தில் ஏற்கெனவே இருப்பதால், ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வீடே கலங்கிவிடுகிறது. பிறக்கும் குழந்தைகளில் நாலைந்துக்கு ஒன்று கழுத்தில் கொடி சுற்றித்தான் வருகிறது. இதயத்துடிப்பு சீராக இருக்கும் வரையில் அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. குழந்தையின் எடை 3.5 கிலோ என்று ஸ்கேன் சொல்வதும் அப்படித்தான்: அது ஒரு மதிப்பீடு, இரு பக்கமும் 10 விழுக்காடோ அதற்கு மேலோ விலகக்கூடும். உயரம் குறைவு, இடுப்பு குறுகல் என்று வலி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டால், வலி எடுத்துப் பார்க்காமல் அதை எப்படி உறுதி செய்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். குழந்தை கால்பக்கமாக இருப்பது நிறைமாதத்தில் 100-ல் 3 அல்லது 4 பேருக்கு நேர்வது. 36, 37-ஆம் வாரத்தில் வெளியிலிருந்து வயிற்றை அழுத்தித் தலையைத் திருப்பும் முறை தெரிந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அது உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரிக்கலாம்.

எதைச் சொன்னாலும் நான் கேட்கக் கற்றுக்கொண்டவை மூன்று கேள்விகள்: ஏன், இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்.

இரண்டு வழிக்கும் உடல் விலை கொடுக்கிறது. சுகப்பிரசவத்தில் கிழிசலும் தையலும் உண்டு. சிலருக்கு இருமினால் சிறுநீர் கசியும் தொல்லை சில மாதம் நீடிக்கும். சிசேரியனில் ரத்தப்போக்கும், புண்ணில் கிருமித் தொற்றும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுதல். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். மூன்று பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் குடும்பம் இதை முதல் பிரசவத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

4. மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிவு

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 64, அரசு மருத்துவமனைகளில் 36. பெரிய சிக்கல்கள் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்பப்படுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இடைவெளிக்குத் தாயின் உடல்நிலை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

30-ஆம் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இடங்களுக்கு நேரில் போய்க் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் பார்ப்பார்? மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, வெளியிலிருந்து அழைக்கப்படுகிறாரா, வர எவ்வளவு நேரமாகும்? ரத்தம் எங்கிருந்து வரும்? எடை குறைந்த குழந்தையை இங்கேயே வைப்பீர்களா, மதுரைக்கு அனுப்புவீர்களா? வலி குறைக்கும் எபிடியூரல் ஊசி உண்டா? துணைக்கு ஒரு பெண் லேபர் வார்டுக்குள் இருக்கலாமா? முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குச் சுகப்பிரசவம் முயன்று பார்ப்பீர்களா, சென்ற ஆண்டு எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தால், அங்கே பார்க்கமாட்டார்கள் என்று பொருள் கொள்ளுங்கள். எனக்கு இரண்டு இடத்தில் அந்தப் பதில் வந்தது.

சிக்கல் எதிர்பார்க்கப்படும் பிரசவமென்றால் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையையும் பட்டியலில் வையுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர்; வலி எடுத்த பிறகு அந்தத் தூரத்தை நம்பாதீர்கள். நான் மதுரையில் ஒரு மருத்துவமனையைத் தேர்ந்ததால், 38-ஆம் வாரமே அங்குள்ள அத்தை வீட்டில் போய்த் தங்கிவிட்டேன். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண் அத்தை வீட்டுக்குப் போவதா என்று சொந்தத்தில் பேச்சு வந்தது, வந்துவிட்டுப் போகட்டும்.

5. செலவை எழுத்தில் கேளுங்கள்

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் இரண்டுமே இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீடு திரும்பும் வண்டி ஆகியவை மத்திய அரசின் தாய் சேய் பாதுகாப்புத் திட்டத்தில் அடங்கும். உணவு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், 19 வயது நிறைந்த தகுதியுள்ள தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு, பணமாக 14,000 ரூபாயும் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தவணைகளாக வரும். பதிவு தாமதமானால் தவணை தவறும்.

தனியாரில் "பேக்கேஜ்" என்ற சொல்லில்தான் ஏமாற்றம் இருக்கிறது. முதல் பிரசவத்துக்கு என்னிடம் சொன்ன தொகை 45,000 ரூபாய், கட்டியது 71,400. மயக்க மருந்து டாக்டர் கட்டணம், குழந்தை மருத்துவர் வருகை, கூடுதல் இரண்டு நாள் அறை வாடகை, மகனுக்கு மஞ்சள் காமாலைக்காக விளக்கொளியில் வைத்த இரண்டு நாள், மருந்துக்கடைப் பில் எல்லாம் பேக்கேஜுக்கு வெளியே இருந்தன. ஆகவே சுகப்பிரசவத் தொகை, சிசேரியன் தொகை, சுகப்பிரசவம் முயன்று கடைசியில் சிசேரியன் ஆனால் வரும் தொகை என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மூன்றாவதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

சொந்தமாக எடுத்த மருத்துவக் காப்பீட்டில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும்; சில பாலிசிகளில் அது 4 ஆண்டுவரை நீளும். கர்ப்பம் உறுதியான பிறகு எடுக்கும் பாலிசி அந்தப் பிரசவத்துக்கு உதவாது. வேலை செய்யும் இடத்துக் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேறு மாதிரி; அலுவலகத்தில் உச்சவரம்பு சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பிரசவ விடுப்பு எந்த முறையில் பிறந்தாலும் ஒன்றுதான்: சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், அதில் 8 வாரம் வரை முன்னதாக எடுக்கலாம்.

6. நாள் குறிக்கும்போது வாரத்தை எண்ணுங்கள்

நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் என்றாலே ஜோசியரும் உள்ளே வந்துவிடுகிறார். எனக்குப் பிரசவ நாள் சித்திரை பத்தாம் தேதி வாக்கில் விழுந்தது. சித்திரையில் பிள்ளை வேண்டாம், பங்குனி 25-ல் நல்ல நட்சத்திரம் இருக்கிறது, அன்றைக்கே எடுத்துவிடலாம் என்று மாமியார் குறிப்பை எழுதியே வாங்கி வந்துவிட்டார். அப்போது எனக்கு 38 வாரம்கூட நிறைந்திருக்காது. மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் நிறைவதற்கு முன் செய்தால், குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து தனிப் பிரிவில் வைக்க வேண்டிய வாய்ப்பு கூடுகிறது. இதை நான் சொன்னபோது மாமியார் கேட்கவில்லை, மருத்துவர் அவரையே எதிரில் உட்கார வைத்து, "முதல் பத்து நாள் பேரப்பிள்ளையைக் கண்ணாடி வழியாத்தான் பாக்கணும்னா பரவாயில்லையாம்மா?" என்று கேட்டார். குறிப்பு மடிக்குள் போய்விட்டது. 39 வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் ஒப்புக்கொள்ளும் இரண்டு மூன்று நாள்களுக்குள் நட்சத்திரம் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒழுங்கான பகல் நேரத்தை விட்டுவிட்டு, விடியற்காலை நாலரை மணிக்கு அறுவை கேட்காதீர்கள். உதவிக்கு ஆள் குறைவாக இருக்கும் நேரம் அது.

7. வலி எடுத்த பிறகு: கையொப்பமும் பொறுமையும்

பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால் வலிக்காகக் காத்திராமல் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. ஆதார், பிக்மி அட்டை, எல்லா ஸ்கேன்களும், ரத்த வகை அறிக்கை, பழைய ஆபரேஷன் குறிப்பு, செலவு எழுதிய தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அதே ரத்த வகையுள்ள இரண்டு பேரின் கைபேசி எண்ணையும் அதில் எழுதி வையுங்கள்.

முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம். மூன்று மணி நேரத்தில் குழந்தை வரவில்லை என்று வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் "பெரிய ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று கத்துவதும் சிசேரியன் கூடுவதற்கு ஒரு காரணம் என்று எங்கள் செவிலியர் அலுத்துக்கொண்டார். லேபர் வார்டு வாசலுக்கு ஒரே ஆள் போதும். உங்கள் விருப்பத்தை அவருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் உங்களுடையது. வயது வந்த, தெளிந்த நினைவுள்ள நோயாளியின் ஒப்புதலை அவரிடமே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையொப்பம் போடாதீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும், பிரசவத்துக்குப் பின் வைக்கும் காப்பர்-டியும் தனி ஒப்புதலுக்கு உரியவை. அதே தாளில் அவை சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று வாசித்துப் பாருங்கள்.

என் இரண்டாவது பிரசவத்தில் 11 மணி நேரம் முயன்றோம். 6 சென்டிமீட்டரிலேயே நான்கு மணி நேரம் நின்றுவிட்டது. பிறகு தழும்பின் மேல், வலி விட்ட இடைவெளியிலும் நீங்காத ஒரு நோவு வந்தது. மருத்துவர் காரணத்தைச் சொன்னார், நான் மூன்று கேள்விகளையும் கேட்டேன், இனிக் காத்திருக்கக்கூடாது என்றார், கையொப்பமிட்டேன். இரண்டாவதும் சிசேரியன்தான். மகள் 2.9 கிலோ.

8. வீடு திரும்பும் முன் வீட்டைச் சரிசெய்யுங்கள்

சுகப்பிரசவமென்றால் 48 மணி நேரத்திலும், சிசேரியனென்றால் பெரும்பாலும் 3 முதல் 5 நாளிலும் அனுப்பிவிடுவார்கள். நம் பக்கத்து வீடுகள் வயிற்றில் தையலோடு வருகிறவருக்கு ஏற்றவை அல்ல. தெருப்படி உயரம், முகப்பிலிருந்து வளவுக்கு (நடு முற்றத்துக்கு) ஒரு நிலைப்படி, வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கு இன்னொன்று, கழிவறையோ கொல்லைப்புறத்தில். முதல் பிரசவத்தில் நான் ஒரு நாளைக்கு எட்டு முறை அந்தத் தூரத்தை நடந்து, ஒவ்வொரு நிலைப்படியிலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும். பின்கட்டில் கழிவறைக்கு அருகில் ஓர் அறையை ஒதுக்கி, பாய்க்குப் பதில் உயரமான கட்டில் போட்டு, நடைவழியைத் துடைத்துக் காயவிடச் சொல்லுங்கள். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது.

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். இதற்கு மட்டும் இணங்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். முக்கினால் தையல் வலிக்கும். பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் இருக்கட்டும், செம்புத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். காய்ச்சல், தையலில் நீர் வடிதல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவு ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், பார்வை மங்கும் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

9. பிறப்புச் சான்றிதழ்

மருத்துவமனைப் பிறப்பை அவர்களே பதிவாளருக்கு அனுப்புவார்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது, அனுப்பும் முன் படிவத்தில் பெற்றோர் பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது. என் மகனுக்குத் தந்தை பெயரில் ஒரு எழுத்து விடுபட்டு, அதைத் திருத்த ஐந்து மாதம் ஆயிற்று. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கைக்கு வராமல் கடைசிப் பில்லைக் கட்டி முடிக்காதீர்கள்.